யார் தண்ணீரில் யார் வாழை

"இது யாரு வீடு, இப்பிடிச் செக்கச்செவேல்னு இருக்கு?" என்று கேட்டாள் மாரிக்கண்ணு.

கேட்டதைப் பைய கேட்டிருக்கலாம். சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நிறுத்தி உரம் ஏறிய தொண்டை அது. ஐந்தாம் வகுப்பு அறையில் கூடியிருந்த தாய் தகப்பன்மார் அத்தனை பேரும் திரும்பிச் சுவரைப் பார்த்தார்கள்.

சுவர் முழுக்கப் பிள்ளைகள் வரைந்த ஒரு படம். மேலே தாமிரபரணி, கீழே வாய்க்கால், நடுவில் ஊர். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டம். வீட்டில் புழங்கிய தண்ணீர் செடி கொடிக்குப் போனால் கட்டத்துக்குப் பச்சை. சாக்கடையில் விழுந்து, வாய்க்காலுக்குப் போய், கடைசியில் ஆற்றிலேயே கலந்தால் சிவப்பு. ஜாபேஸ் சார் வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளைத் தெருவில் இறக்கி, அவரவர் வீட்டுத் தண்ணீருக்குப் பின்னாலேயே நடக்கவிட்டு, கண்ணால் கண்டதை அவரவர் கையாலேயே தீட்ட வைத்திருந்தார்.

சிவப்பு வீடு ஊரில் பாதிக்குமேல் இருந்தது. பத்தோடு பதினொன்றாக இருந்துவிட்டால் சண்முகசுந்தரிக்கு அது உறைத்திருக்காது. ஆனால் கீழத்தெருவில், ஒரே சுவரை நடுவில் வைத்துக்கொண்டு, ஒட்டினாற்போல இரண்டு வீடு. ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. பச்சை, கொழுந்தன் பெண்டாட்டி விஜயஸ்ரீ வீடு. சிவப்பு இவள் வீடு. அந்தச் சிவப்பைத் தேய்த்துத் தேய்த்துத் தீட்டியிருந்தது இவள் பெற்ற மகள் வடிவு.

"அண்ணன் வீடு செவப்பு, தம்பி வீடு பச்சை," என்றாள் மாரிக்கண்ணு, விடாமல். "ஒரு வீட்டப் பிரிச்சதுதான ரெண்டும்? தண்ணி மட்டும் எப்பிடி வேற வேற பக்கம் போகுது?"

"தண்ணிக்குத் தெரியுமா பாகப்பிரிவினை?" என்று யாரோ சொல்ல, அறையே சிரித்தது.

விஜயஸ்ரீ சிரிக்கவில்லை. பெற்றோர்கள் சேர்ந்த பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அவள்தான் தலைவி. பெரிய டீச்சருக்குப் பக்கத்து நாற்காலியில் அடக்கமாக உட்கார்ந்திருந்தாள். அந்த அடக்கம்தான் சுந்தரிக்கு ஆகாது. சிரித்திருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வாள்.

கூட்டம் முடியும்போது பெரிய டீச்சர் எழுந்து, தை பிறந்ததும் கல்விச்சீர் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தாய்மாமன் சடங்கு வீட்டுக்குக் கொண்டுபோவது போல, ஊரார் தாம்பாளமும் மேளமுமாகப் பள்ளிக்கூடத்துக்குச் சாமான் கொண்டுவந்து கொடுக்கிற விழா அது. எல்லாரும் கை தட்டினார்கள். சுந்தரி கொஞ்சம் பிந்தித் தட்டினாள். அவள் மனசு அதற்குள் டவுணுக்குப் போய்ச் சாமான் பார்க்க ஆரம்பித்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, நம்ம வீட்டுக்குச் செவப்பு அடிச்சது யாரு?"

"நான்தான்."

"பச்சைப் பென்சிலத் தொட்டா ஒன் கை வெந்துருமா?"

"நம்ம வீட்டுத் தண்ணி சாக்கடைக்குத்தானம்மா போகுது. சித்தி வீட்டுல வாழைக்குப் போகுது. நான் கூடவே நடந்து போயிப் பாத்தேன்."

"சித்தி! எந்திரிச்சா சித்தி, படுத்தா சித்தி. அவ வீட்டுலயே போயிப் பொறந்திருக்க வேண்டியதுதான?"

"நான் பொறந்தப்போ சித்தி வரவே இல்லியே, எப்பிடி அங்க பொறக்க?"

இந்த மாதிரிப் பதில் சொல்லக் கற்றுக்கொண்டதும் அங்கேதான் என்று சுந்தரி முடிவு கட்டினாள். வடிவின் வீட்டுப்பாடம் தினமும் சுவர் தாண்டிப் போகும். விஜயஸ்ரீ பாளையங்கோட்டையில் செடிகொடிப் படிப்புப் படித்துப் பட்டம் வாங்கியவள். சுந்தரி பன்னிரண்டாவதோடு நின்றவள். வடிவு மூன்றாம் வகுப்புவரை, "அம்மா, இது என்னம்மா?" என்று இவளிடம்தான் வந்து நின்றாள். எந்த நாளில் அந்தக் கேள்வி சுவர் தாண்டிப் போயிற்று என்று சுந்தரிக்குப் பிடிபடவே இல்லை.

"சரி, அது கெடக்கட்டும். ஒங்க சித்தி சீருக்கு என்ன கொண்டு வாராளாம்?"

"அது சொல்லக்கூடாது."

"யார்ட்ட?"

"யார்ட்டயும்."

"நான் யாராட்டி?"

வடிவு பாவாடை நுனியைச் சுருட்டினாள். பிறகு, பாவப்பட்டு, "தண்ணி சம்பந்தப்பட்டது. அதுக்கு மேல கேக்காதம்மா. சத்தியம் பண்ணிருக்கேன்," என்றாள்.

பெற்ற பிள்ளை, அடுத்த வீட்டுக்காரிக்குச் சத்தியம் பண்ணியிருக்கிறது. சுந்தரி அன்றைக்கு வைத்த ரசத்தில் உப்பு இல்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த புருஷன் குற்றாலலிங்கம், டவுணில் ரதவீதிக்குள் பாத்திரக்கடை வைத்திருக்கிறவர், அதைச் சொல்லவும் பயந்து பேசாமல் சாப்பிட்டார்.

"இங்கேருங்க. அவ தண்ணி மெஷின் வாங்கப் போறா."

"எவ?"

"ஊருல எத்தன எவ இருக்கா? ஒங்க தம்பி பெண்டாட்டிதான். பள்ளிக்கூடத்துக்கு ஆர்ஓ மெஷின் சீர் கொண்டு வாரா."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஒங்க தம்பி வண்டி பாளையங்கோட்டையில மெஷின் கடைக்கு முன்னால நின்னுச்சுன்னு நீங்கதான சொன்னிய?"

"அங்கன நல்லா டீ போடுவான். டீ குடிக்க நிறுத்திருப்பான்."

"டீ குடிக்கவா ஒருத்தன் பாளையங்கோட்டைக்குப் போவான்? நாமளும் வாங்கணும். அவ வாங்குறதவிடப் பெருசா வாங்கணும்."

"ஏளா, ஆத்துத் தண்ணி குடிக்கிற ஊரு. இந்தத் தண்ணிக்காகவே வெளியூர்க்காரன் பொண்ணு குடுக்கான். இதுக்குப் போயி மெஷின் எதுக்கு?"

"பச்சைக் கட்டத்துல இருக்கவளுக்குத் தெரியாததா ஒங்களுக்குத் தெரிஞ்சு போச்சு?"

பச்சைக் கட்டம் என்றால் என்னவென்று குற்றாலலிங்கத்துக்குப் புரியவில்லை. ஆனால் மெஷின் வாங்காமல் இனி உப்பு வராது என்று மட்டும் புரிந்தது. வாங்கினார்.

சீர் நாள் வந்தது. அம்மன் கோவில் வாசலில் இருந்து ஊர்வலம். முன்னால் மேளம், அதற்குப் பின்னால் தாம்பாளத்தில் தேங்காய் பழம், அதற்குப் பின்னால் மின்விசிறி, அலமாரி, பாய், சுவர்க்கடிகாரம். சுந்தரியின் மெஷின் ஒரு லோடு ஆட்டோவில், மாலை போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி வந்தது. 'குற்றாலலிங்கம் சண்முகசுந்தரி குடும்பத்தார் அன்பளிப்பு' என்று அதன் நெற்றியிலேயே எழுதியிருந்தது. சுந்தரி பட்டுச்சேலையில் ஆட்டோவுக்குப் பக்கத்தில் நடந்தாள். கண் மட்டும் பின்னாலேயே இருந்தது.

பின்னால் ஒரு தட்டுவண்டி வந்தது. விஜயஸ்ரீ அதைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வண்டியில் மெஷின் இல்லை. சிமெண்ட் உறை, கிணற்றுக்கு இறக்குகிற அதே உறை, இரண்டு. உடைந்த செங்கல் ஒரு மூட்டை. ஆற்று மணலும் சல்லியும். மேலே, ஈரச்சாக்கில் சுற்றிய வாழைக்கன்றுகள்.

"என்ன விஜயா," என்று மேளத்துக்கும் மேலே கேட்டது மாரிக்கண்ணுவின் குரல், "சீர் கொண்டு வரச் சொன்னா, பள்ளிக்கூடத்துக்குக் கக்கூஸ் கட்டக் கெளம்பிட்டியா?"

ஊர்வலம் நின்று சிரித்தது. மேளக்காரர்கூடச் சிரித்ததில் ஒரு அடி தப்பியது.

"கைகழுவுற தண்ணி வீணாப் போகுதுல்லா மாரிக்கா? உறைய இறக்கி, செங்கல்லும் மணலும் போட்டு, சுத்தி வாழை வச்சா அங்கனயே உறிஞ்சிரும். பிள்ளையள் போட்ட திட்டம்தான்," என்றாள் விஜயஸ்ரீ. காது மடல் சிவந்திருந்தது.

சுந்தரிக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! மகளுக்குப் பெயர் வைத்த அன்றைக்குக்கூட இப்படி வரவில்லை. இந்த உறைக்கா சத்தியம்? இந்தச் செங்கல்லுக்கா ரகசியம்? பட்டுச்சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். மாலை போட்ட மெஷினைப் பார்க்கும்போது, அதுவும் தலை நிமிர்ந்து இருப்பதாகப் பட்டது.

பள்ளிக்கூட வராந்தாவில் மெஷினை அன்றைக்கே மாட்டினார்கள். பெரிய டீச்சர் முதல் டம்ளர் குடித்து, "நல்லாருக்கும்மா," என்றார். கைதட்டல் விழுந்தது. வடிவும் தட்டினாள். சுந்தரி அதைத்தான் பார்த்தாள்.

கைதட்டல் அடங்கினதும் ஒரு சத்தம் கேட்டது. சொளசொளவென்று. மெஷினுக்கு அடியில் இருந்து ஒரு சின்னக் குழாய் வெளியே நீட்டி, சாக்கடைப் பக்கமாகத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. வேறு யாருக்கும் அது ஒரு சத்தமாகவே படவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் தலை மட்டும் ஒரே வீச்சில் அந்தப் பக்கம் திரும்பியது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தண்ணீருக்குப் பின்னால் நடந்த பிள்ளைகள். யாரும் சொல்லாமலே ஸமீஹா என்கிற பிள்ளை ஓடிப்போய் ஒரு வாளியைக் கொண்டுவந்து குழாய்க்கு அடியில் வைத்தாள்.

இந்தப் பக்கம் நல்ல தண்ணீர்க் குடம் பாதிகூட நிறையவில்லை. அந்தப் பக்கம் வாளி நிறைந்துவிட்டது.

"என்னய்யா, புது மெஷின் இப்பமே ஒழுகுது?" என்றாள் மாரிக்கண்ணு.

"ஒழுகலக்கா. கழிவுத் தண்ணி அது. நல்லத எடுத்துட்டு மிச்சத்தத் தள்ளும். எல்லா மெஷினும் அப்பிடித்தான்," என்றார் மாட்ட வந்தவர்.

"எடுக்கதவிடத் தள்ளுறதுல்லா கூட இருக்கு!"

ஜாபேஸ் சார் அவசரமாக, "சரி, அடுத்தாப்புல அலமாரி..." என்று பேச்சை நகர்த்தப் பார்த்தார். அவர் நல்ல மனுஷன். ஆனால் விஜயஸ்ரீ முந்திக்கொண்டாள்.

"வடிவு, நீ சொல்லு. தண்ணிக் குழுவுக்கு நீதான தலைவி? இந்தத் தண்ணி எங்க போகுது?"

குரல் தேன் மாதிரி இருந்தது. அதற்குள் இருந்த முள் சுந்தரிக்கு மட்டும்தான் தெரிந்தது. இத்தனை நாள் மனசில் வளர்த்த பூதம் இப்போது எதிரில் நிற்கிறது. தன் பிள்ளையின் வாயாலேயே, ஊர் கூடின இடத்தில், பட்டுச்சேலையோடு...

வடிவு வாளியைப் பார்த்தாள். சித்தியைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் என்னத்தைக் கண்டாளோ.

"வீணாப் போகல," என்றாள்.

வாளி வழிந்து, அவள் செருப்பில்லாத காலை நனைத்துக்கொண்டு, சாக்கடைக்கு ஓடியது.

"நல்ல மெஷின் இது. எங்கம்மா வாங்குனது. தண்ணி ஒண்ணும் வீணாப் போகல."

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஸமீஹா என்னவோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள். "கை தட்டுங்க, கை தட்டுங்க," என்றார் ஜாபேஸ் சார்.

சுந்தரி விஜயஸ்ரீயைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஓடியது என்னவென்று வேறு யாருக்கும் பிடிபட்டிருக்காது. சுந்தரிக்குப் பிடிபட்டது. தினமும் வீட்டுப்பாட நோட்டோடு வடிவு சுவர்ப்பக்கம் நடக்கும்போது தன் நெஞ்சில் காந்துகிற அதே காந்தல். இவளுக்கும் காந்துகிறது! ஜெயித்தாயிற்று. பிள்ளை என் பக்கம்.

ஜெயித்த சந்தோஷம் பள்ளிக்கூட வாசலைத் தாண்டும்வரை இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் 'சித்தி' என்ற சொல் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மறுநாளும் இல்லை. சுந்தரி எத்தனை காலம் தவம் கிடந்தது இதற்குத்தான். ஆனால் வேறு எந்தச் சொல்லும் கேட்கவில்லை. வடிவு சாப்பிட்டாள், தலை பின்னக் கொடுத்தாள், பாயை விரித்தாள். வீட்டுப்பாட நோட்டு சுவர் தாண்டவும் இல்லை, அடுப்படிக்கு வரவும் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் சுந்தரியே கேட்டாள்.

"ஏட்டி, இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா? தண்ணி பாக்கப் போகலியா?"

"நான் குழுவுல இல்ல. சார்ட்ட சொல்லிட்டேன்."

"ஏன்?"

"பொய் சொல்லுதவ தலைவியா இருக்கக் கூடாது."

"என்ன பொய் சொல்லிட்ட பெருசா?"

வடிவு நிமிர்ந்து பார்த்தாள். சுந்தரிக்கு அதற்கு மேல் நடிக்க வரவில்லை. கிட்டே போய் உட்கார்ந்தாள்.

"எதுக்குளா அப்பிடிச் சொன்ன?"

"நீ எல்லாரு முன்னாலயும் அழுதிருவன்னு தோணுச்சு."

சுந்தரி அப்போது அழவில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போன பிற்பாடு அழுதாள். அழுது முடித்து, முகம் கழுவி, கழுவின தண்ணீர் எங்கே போகிறதென்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். பார்த்த எரிச்சலோடு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள்.

ஜாபேஸ் சார் மைதான ஓரத்தில் நின்றிருந்தார். உறையை இறக்கி, வாழைக்கன்றும் வைத்தாயிற்று.

"சார், என் மெஷின்ல தண்ணி வீணாத்தான் போகுது. வடிவு சொன்னது பொய். எனக்காகச் சொன்னா. அவளக் குழுவ விட்டு அனுப்பிராதிய."

"நான் எங்கம்மா அனுப்புனேன்? அவளாத்தான் போயிட்டா. ரெண்டு வெள்ளிக்கிழமை வரட்டும்னு விட்டுப் பிடிக்கேன்."

"அந்தத் தண்ணிக்கு என்ன செய்யலாம்? சொல்லுங்க, செஞ்சிருதேன்."

ஜாபேஸ் சார் முகம் மலர்ந்தது. "அது சின்ன வேலம்மா. ஒரு பைப்பு இழுத்து இந்த உறைக்குள்ள விட்டுட்டாப் போதும். கைகழுவுற தண்ணி மட்டும் வாழைக்குப் பத்தாது, என்ன செய்யலாம்னு யோசிச்சிட்டே இருந்தேன். ஒங்க தண்ணியும் சேந்துச்சுன்னா ஜோரா நிக்கும்."

சுந்தரி வாழைக்கன்றைப் பார்த்தாள். அதுவும் அவளைப் பார்த்தது.

"என் தண்ணியிலயா? அவ வாழையா?"

"என்னம்மா?"

"வேற எடம் இல்லியா சார்? நானும் ஒரு வாழை வச்சிருதேன். இங்கன, தள்ளி."

"மத்த எடமெல்லாம் பிள்ளையள் ஓடி விளையாடுறது. யாரு தண்ணின்னு மரத்துக்குத் தெரியவாம்மா போகுது?"

"மரத்துக்குத் தெரியாது சார். போர்டுல தெரியும்."

'விஜயஸ்ரீ குடும்பத்தார் அன்பளிப்பு' என்று உறைக்குப் பக்கத்தில் ஊன்றுவதற்கு ஒரு போர்டு, வர்ணம் காயாமல், சுவரில் சாய்ந்திருந்தது. ஜாபேஸ் சார் அதைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு, "தலைவியம்மாட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க," என்று வகுப்புக்குப் போய்விட்டார்.

கேட்கவேண்டிய வார்த்தையைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு சுந்தரி நாள் பூராவும் அலைந்தாள். சாயங்காலம் துணி எடுக்கிற சாக்கில் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"விஜயா."

அந்தப் பக்கம் சட்டென்று பதில் வந்தது. அவளும் சுவருக்குப் பக்கத்தில்தான் நின்றிருக்கிறாள். "சொல்லுங்கக்கா."

"வடிவ அன்னைக்கு வேணும்னுதான கேட்ட?"

அந்தப் பக்கம் வாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"வேணும்னுதான்."

"ஏன்?"

"ஒங்களுக்கு ஊரே கை தட்டுச்சு. நான் கொண்டு வந்தத மாரிக்கா கக்கூஸுன்னு சொல்லிட்டா. நானும் பிள்ளையளும் மாசக்கணக்கா யோசிச்சதுக்கா அது. வயிறு எரிஞ்சுது. கேட்டுட்டேன். கேட்ட ஒடனே பிள்ளை மொகத்தப் பாத்தேன்... எனக்காக அவ பொய் சொல்லுவாளான்னு நெனச்சேன்க்கா. சொல்லமாட்டா. என்ட்ட எல்லாத்தையும் கேப்பா. ஆனா எனக்காகப் பொய் சொல்லமாட்டா."

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் சுந்தரி. சொல்லவில்லை. விஜயஸ்ரீ சொன்னதைக் கேட்டதில் கிடைத்த குளிர்ச்சியை உள்ளங்கையில் கொஞ்சநேரம் வைத்திருக்க ஆசைப்பட்டாள். பிறகு, கொடியில் இருந்து ஒரு துண்டை உருவினாள்.

"பைப்பு எங்க வீட்டுக்காரரு எடுத்துத் தருவாரு. தண்ணி என்னது, வாழை ஒன்னது. தாரு யாருக்கு?"

விஜயஸ்ரீக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. விளங்கினதும் மூக்கை உறிஞ்சினாள். "பிள்ளையளுக்குத்தான்க்கா. சத்துணவுக்கு."

"அது சரி. மொதத் தார வெட்டுறது யாரு?"

"நீங்களே வெட்டுங்க."

"போர்டு?"

"போர்டுதான் எழுதியாச்சே."

"அடியில எடம் கெடக்கு, நான் பாத்தேன். தண்ணீர் உபயம்னு ஒரு வரி சேக்கச் சொல்லு. பேரு வேற போடணும்."

"எழுத்து சிறுசா வரும்க்கா."

"சிறுசா வந்தா மேல உள்ளத அழிச்சு எழுதச் சொல்லு."

சுவரின் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் சுந்தரி சிரிக்கவில்லை. அவள் நிஜமாகத்தான் சொன்னாள்.

உள்ளே வடிவு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருப்பாள்.

"ஏட்டி, நாளைக்குப் பள்ளிக்கூடத்துல பைப்பு போடணும். தண்ணி ஓடச் சரிவா வாட்டம் பாக்கணுமாம். எனக்கு அது தெரியாது."

"சித்திக்குத் தெரியும்."

"அவளுக்குச் செடிதான் தெரியும். தண்ணிக்குப் பின்னால நடந்தது நீதான?"

"நான்தான் குழுவுல இல்லியே."

"சார்ட்ட நான் போயிச் சொல்லிட்டேன். தண்ணி வீணாத்தான் போகுது, பிள்ளை எனக்காகச் சொன்னான்னு."

"நீயா சொன்ன?"

"நானேதான்."

"அழுதியா?"

"சார் முன்னால அழல."

வடிவு எழுந்து வந்து அம்மாவின் கையில் இருந்த துண்டை வாங்கி மடித்தாள். மடித்துக்கொண்டே, பைப்பு எத்தனை அங்குலம், முழங்கை வளைவு இருக்கிறதா, இல்லையென்றால் அப்பாவிடம் இப்போதே போன் பண்ணிச் சொல்லவேண்டும் என்றாள்.

சனிக்கிழமை காலையில் வராந்தாவுக்கும் வாழைக்கும் நடுவில் ஐந்தாம் வகுப்பு முழுக்கக் கூடியிருந்தது. மெஷின் பக்கம் பைப்பின் ஒரு நுனியைச் சுந்தரி பிடித்திருந்தாள். உறைப் பக்கம் மறுநுனி விஜயஸ்ரீ கையில். இருவரும் சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார்கள். யார் கொசுவம் நன்றாக நிற்கிறது என்று சுந்தரி ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். நடுவில் வடிவு மண்ணில் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பைப்பின் மேல் பார்வையை ஓட்டினாள்.

"தண்ணி நிக்கும். வாட்டம் பத்தாது."

"யாரு ஏத்தணும், யாரு எறக்கணும்? வெவரமாச் சொல்லு," என்றாள் சுந்தரி.

"சித்தி எறக்கணும். நீ ஏத்தணும்."

"கேட்டியா விஜயா? பிள்ளையே சொல்லிட்டா."

"கேட்டேன், கேட்டேன். எறக்குதேன்."

"இன்னும் சித்தி. இன்னும் கொஞ்சம்."

விஜயஸ்ரீ உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். சுந்தரி தன் நுனியைத் தூக்கினாள். தோள்வரைக்கும் தூக்கினாள். அதற்கும் மேலே, குதிகாலை உந்திக்கொண்டு தூக்கினாள்.

"அம்மா, போதும்," என்றாள் வடிவு, மூடின கண்ணைத் திறக்காமலே. "அதுக்கு மேல தூக்குனா பைப்பு ஒடிஞ்சிரும்."